வெர்னாவுக்கு ஒரு தட்டு

ஜூலை மாதத்தில் கதிரடிப்பை வைத்தவன் எவனோ, அவனைக் கொண்டுவந்து ஒரே ஒரு நாள் தன் அடுப்பு முன்னால் நிறுத்த வேண்டும் என்று லவீனாவுக்கு இருந்தது. பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. அதற்குள் முதுகில் வழிந்த வேர்வை இடுப்பு நாடாவில் வந்து தேங்கிவிட்டது. அடுப்புக்குள் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. அது வெளியே வந்தால், மாவுக்குள் ஆப்பிள் வைத்துச் சுடும் ஆப்பிள் பை உள்ளே போக வேண்டும். அது வந்தால் மறுபடி ரொட்டி. இறகு பிடுங்கிய கோழிகள் மேசைமேல் வரிசையாகக் கிடந்தன. வாளி நிறைய உருளைக்கிழங்கு, தோல் சீவ ஆளில்லாமல் மண்ணோடு கிடந்தது.

சீவ வேண்டியவள் வெர்னா. பதினாலு வயது. முக்காலி போட்டு ஏறி நின்று பாத்திரம் கழுவத் தொடங்கிய நாளிலிருந்து இந்த அடுப்படியில் லவீனாவுக்கு வலது கை அவள்தான். அந்த வலது கை இப்போது அண்ணனின் பழைய கால்சட்டையை மாட்டிக்கொண்டு, தொழுவத்தில் குதிரைகளுக்குச் சேணம் பூட்டிக்கொண்டிருந்தது.

"ஆர்வில், இதை நான் கடைசியாக் கேக்கறேன்," என்றாள் லவீனா. புருஷன் வாசல்படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை முடிந்துகொண்டிருந்தான். "அவள வண்டியில ஏத்திட்டா இந்தச் சமையல யாரு செய்யறது? நீ வந்து கோழி பொரிப்பியா?"

"ட்ரெசி வருவா. ப்ரூயிட் வீட்டம்மாவும் வருவா."

"ட்ரெசி வருவா. வந்து என் அடுப்படியில என்ன இருக்கு, என்ன இல்லன்னு பாத்துட்டுப் போயி ஊரெல்லாம் சொல்லுவா. அதுக்கு வருவா."

"வேற என்ன பண்ணச் சொல்ற, லவீனா?"

"ஈஸ்டர் அன்னிக்கு ரோலண்டக் கண்டபடி பேசாம இருந்திருக்கலாம். அதப் பண்ணியிருக்கலாம்."

ஆர்வில் கயிற்றை இன்னும் இறுக்கினான். அவன் என்றைக்குப் பதில் சொன்னான்? மூத்தவன் ரோலண்ட் அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு ரயில்பாதை வேலைக்குப் போனவன் போனவன்தான். அவனுக்குப் பதிலாக வைத்த கூலியாளும், வேறெங்கோ நல்ல கூலி என்று போன சனிக்கிழமை மூட்டையைக் கட்டிவிட்டான். ஆர்வில் அதையும் பூட்ஸ் கயிற்றைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டான்.

இந்தக் கதிரடிக் கூட்டில் ஏழு வீடு. ஏழு வீட்டுக்கும் சேர்த்து எந்திரம் ஒன்று. வீட்டுக்கு இரண்டு ஆள், கதிர்க்கட்டு ஏற்ற ஒரு கட்டு வண்டி, ஏழு வீட்டு வயலுக்கும் போக வேண்டும். ஆள் குறைந்த வீட்டுக்கு எந்திரம் கடைசியில்தான் வரும். போன வருஷம் அப்படிக் கடைசியில் தள்ளப்பட்டது யோடர் வீடு. மழை பிடித்துக்கொண்டது. வயலில் நிறுத்தியிருந்த கதிர்க்கட்டெல்லாம் நின்ற இடத்திலேயே முளை விட்டது. அந்தக் குளிர்காலம் முழுக்க யோடர் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு என்ன கட்டிக்கொண்டு வந்தார்கள் என்பதை வெர்னாவே வந்து சொன்னாள். உருளைக்கிழங்கு. உப்புக்கூட இல்லாமல்.

நேற்றுச் சாயங்காலம் கூட்டுத் தலைவர் காஸ் வேலியோரம் வந்து நின்றார். தாடிக்குள் வைக்கோல் தூசி. "உன் ரெண்டாவது ஆள் யாருப்பா?" என்று கேட்டார். ஆர்வில் தொண்டையைச் செருமிக்கொண்டே நிற்க, வெர்னாதான் முன்னால் போய், "நான்தான், மிஸ்டர் காஸ்," என்றாள். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது லவீனா நாலு வார்த்தை திருப்பிக் கேட்டிருப்பாள். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாக்கறேன். ஒத்து வரலைன்னா சாப்பாடு முடிஞ்சதும் எந்திரத்த ப்ரூயிட் வயலுக்கு ஓட்டிருவேன். என்மேல வருத்தப்படக் கூடாது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் வரைக்கும் எத்தனை கட்டு அடிபடும்? பாதி. மீதி பாதி வயலில் நிற்கும். மேற்கே ஏற்கெனவே வானம் ஈயப் பாத்திரம் மாதிரி மங்கிக்கிடந்தது.

வெர்னா தொழுவத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். தலைமயிரை அண்ணன் தொப்பிக்குள் திணித்திருந்தாள். "அம்மா, உருளைக்கிழங்க க்ளைட் சீவட்டும்."

"க்ளைட் சீவினா தோலோட பாதிக் கிழங்கு போயிரும்."

"போனாப் போகுது. இன்னிக்கு ஒரு நாள்."

"இன்னிக்கு ஒரு நாளுன்னுதான் எல்லாம் ஆரம்பிக்குது. போ. அந்தச் செவலைக் குதிர எந்திரச் சத்தத்துக்கு மிரளும். இழுத்துப் பிடி. கையில துணி சுத்திக்கிட்டியா?"

"சுத்திக்கிட்டேன்," என்று பொய் சொல்லிவிட்டு வெர்னா ஓடினாள்.

*

எந்திரம் ஊதிய ஊதலில் கோழிக்கூடே அதிர்ந்தது. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் உமித்தூசி. லவீனா திறந்தே வைத்தாள். ஜன்னல் வழியாக வயல் தெரியும், அதற்காகத்தான்.

காஸின் மனைவி ட்ரெசி வந்ததும் முதல் வேலையாக மாவுப் பீப்பாயின் மூடியைத் திறந்து பார்த்தாள். அப்புறம்தான் தொப்பியைக் கழற்றினாள். கூட வந்த ப்ரூயிட் வீட்டம்மா நல்ல மாதிரி. பேசாமல் உட்கார்ந்து பீன்ஸை நறுக்கினாள்.

"வழியில உன் பொண்ணப் பாத்தேன் லவீனா. எங்க லெஸ்டருக்கு அடையாளமே தெரியலயாம். யாரோ புதுப் பையன்னு நெனச்சானாம்," என்றாள் ட்ரெசி.

"லெஸ்டருக்குக் கண்ணுல தூக்கம் ஒட்டியிருக்கும். அதான் தெரிஞ்சிருக்காது."

"நான் தப்பாச் சொல்லல. காலெல்லாம் ரெண்டாப் பிரிஞ்சு தெரியுதே, நாளைக்கு ஒருத்தன் கட்டிக்கணுமேன்னு சொல்றேன்."

"எல்லாருக்கும் கால் ரெண்டுதான். பாவாட கட்டினா ஒண்ணாயிருமா? அந்த மாவ இப்படி எடுத்துக் குடுங்க."

ப்ரூயிட் வீட்டம்மா பீன்ஸைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

ஒன்பது வயது க்ளைட் கிழங்கைச் சீவிக்கொண்டிருந்தான். லவீனா சொன்ன மாதிரியே பாதிக் கிழங்கு தோலோடு போய்க்கொண்டிருந்தது. ஆறு வயது ஓப்பலுக்கு ஈ ஓட்டும் வேலை. பீச் மரக்கிளை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஆப்பிள் பையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஈயைவிட அவள்தான் அதிகம் வந்து மொய்த்தாள்.

"அம்மா, எங்களுக்குப் பை இருக்குமா?"

"இருக்கும்."

"போன தடவையும் சொன்ன."

"இருக்கும்னு சொன்னேன்ல. ஈய ஓட்டு."

முதல் பந்தி கூட்டு ஆட்களுக்கு. இரண்டாவது பந்தி பிள்ளைகளுக்கு. பெண்களுக்குப் பந்தி என்று ஒன்றும் கிடையாது. நேரம் இருந்தால் சாப்பிடுவார்கள். முதல் பந்தியில் ஜெபம் முடிந்ததும் காஸ் மேசையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்து, மத்தியான வேலையை ஆள் ஆளாகப் பிரித்துச் சொல்வார். அந்த மேசையில் உட்கார்ந்தவன் கூட்டு ஆள். உட்காராதவன் இல்லை. அதற்குமேல் பேச்சுக்கு இடமில்லை.

கோழியை எண்ணெயில் போட்டுவிட்டு லவீனா ஜன்னலுக்கு வந்தாள். கட்டு வண்டிகள் எந்திரத்தின் இரண்டு பக்கமும் முறை போட்டு வந்து நின்றன. ஒரு பக்கம் வெர்னா. எதிர்ப்பக்கம் லெஸ்டர் காஸ். அவனுக்கும் பதினாலு வயதுதான், பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. லெஸ்டரின் வண்டியில் சுமை ஒரு பக்கமாகச் சரிந்து, திரும்பும்போது பாதிக் கட்டு தரையில் விழுந்தது. அவன் அதை அள்ளாமல் வண்டி நிழலில் போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்தான். வெர்னா சுமை உச்சியில் நின்று, கவைக்கோலால் ஒவ்வொரு கட்டாகக் கதிர் முன்னால் போகும்படி எந்திர வாய்க்குள் தள்ளினாள். ஒன்றுகூடக் குறுக்கே விழவில்லை. குறுக்கே விழுந்தால் எந்திரம் செருமும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். காலையிலிருந்து எந்திரம் செருமியதெல்லாம் லெஸ்டர் பக்கத்தில்தான்.

செவலைக் குதிரை ஒரு தடவை பின்னங்காலில் எழும்பியது. லவீனா ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். வெர்னா கடிவாளத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு என்னமோ கத்தினாள். சத்தம் கேட்கவில்லை. வாயசைப்பைப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் சொல்லிக் கொடுத்த வார்த்தையாகத் தெரியவில்லை. குதிரை அடங்கியது.

பெருமையாக இருந்தது. அதைவிட எரிச்சலாக இருந்தது. இவ்வளவு வேலையையும் இந்தப் பெண் இங்கே செய்திருந்தால் இந்நேரம் குழம்பு முடிந்திருக்கும்.

"லவீனா, கோழி கருகுது," என்றாள் ட்ரெசி, திருப்பிப் போடாமல்.

முன்னறையில் பெஞ்சுகளைப் போட்டு, மேசைப் பலகையை நீட்டி, துணி விரித்து, தட்டுகளை வைக்கும்போது லவீனாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வழக்கம்போல வீடு வீடாக மனதுக்குள் சொல்லிக்கொண்டே வைத்தாள். காஸ் வீட்டுக்கு மூன்று. ப்ரூயிட் வீட்டுக்கு இரண்டு. யோடர் வீடு. அந்தப் பக்கத்து வீடுகள். எந்திரக்காரன், அவனோடு கரி தள்ளுகிறவன். நம்ம வீட்டுக்கு ஆர்வில். பதினாறு. மறுபடி ஒரு தரம் எண்ணினாள். பதினாறு சரியாக இருந்தது. பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தால் பதினாறு பேருக்குத்தான் இடம். அதுவும் சரியாக இருந்தது.

*

மத்தியான ஊதல் கேட்டது. ஆட்கள் தொட்டிக்கு வந்தார்கள். முகம் கழுவக் கழுவத் தண்ணீர் காபி நிறத்துக்கு மாறியது. வெர்னாவும் அவர்கள் நடுவில் நின்று முழங்கை வரை கழுவினாள். தண்ணீர் பட்டதும் உள்ளங்கையைச் சட்டென்று மூடிக்கொண்டாள். லவீனா பார்த்துவிட்டாள். துணியும் சுற்றவில்லை, ஒரு மண்ணும் சுற்றவில்லை.

எல்லாரும் உள்ளே வந்து பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு தட்டு. லெஸ்டர் கோழிப் பாத்திரத்துக்கு நேர் எதிரே இடம் பிடித்துவிட்டான். கடைசியாக வந்த வெர்னா மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். மறுபடி பார்த்தாள். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

லவீனா குழம்புச் சட்டியோடு வாசலில் நின்றாள். முதலில் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் சட்டி கனத்தது.

காஸ் விரலால் காற்றில் தட்டுகளை எண்ணினார்.

"பதினாறு வச்சிருக்க, லவீனா."

"எண்ணிக்கையில தப்பிருச்சு. இதோ எடுத்துட்டு வர்றேன்."

"தப்பலயே. நீ தப்பா எண்ணி நான் பாத்ததில்ல. கூட்டு ஆளுக்கெல்லாம் எண்ணி வச்சிருக்க. சரியாத்தான் இருக்கு." அவர் குரலில் குத்தல் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "உங்க வீட்டுக் கணக்குலயே அவ ஆள் இல்லம்மா. அப்புறம் நான் எப்படி ஆறு வீட்டுக்காரங்ககிட்ட அவள ஆளுன்னு சொல்றது?"

"காலையில வண்டி ஓட்டினாளே, அதப் பாக்கலயா நீங்க?"

"பாத்தேன். நல்லாத்தான் ஓட்டினா. பொண்ணு ஒத்தாசைக்கு ஓட்டினா. ஒத்தாச வேற, ஆள் வேற."

"என் வண்டி வெளியில நிக்குது," என்றான் பெர்ட் ப்ரூயிட், ரொட்டியைப் பார்த்தபடி. எந்திரம் அடுத்ததாகப் போக வேண்டியது அவன் வயலுக்கு. "சாப்பிட்ட கையோட எந்திரத்தக் கெளப்பினா சாயங்காலத்துக்குள்ள என் மேக்கு வயல் முடிஞ்சிரும். மழையும் வர்ற மாதிரி இருக்கு. சும்மா சொன்னேன்."

"பெர்ட்," என்றாள் அவன் மனைவி அடுப்படியிலிருந்து. அன்றைக்கு அவள் பேசிய ஒரே வார்த்தை அது.

லவீனா புருஷனைப் பார்த்தாள். ஏதாவது சொல், ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை. ஆர்வில் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பூட்ஸ் கயிறு மாதிரி அதிலும் ஏதோ முடிச்சு இருந்தது போல.

"பரவால்ல, மிஸ்டர் காஸ்," என்றாள் வெர்னா. கழுவிய முகத்தில் காதோரம் மட்டும் கறுப்பு மிச்சமிருந்தது. "நான் க்ளைட் கூட உக்காந்துக்கறேன்." சொல்லி முடிப்பதற்குள் அவள் குரல் உடைந்தது. பதினாறு ஆண்களும் அதைக் கேட்காத மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

லவீனாவுக்கு யார்மேல் கோபம் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. காஸ்மேல், பெர்ட்மேல், வாயில்லாத புருஷன்மேல், ரயில்பாதைக்கு ஓடினவன்மேல், ஜூலை மாதத்தின்மேல். எல்லாருக்கும் மேலே தன்மேல். இந்தப் பெண் உயரத்திலிருந்து கட்டுத் தள்ளியதைக் காலை முழுக்க ஜன்னலில் நின்று பார்த்தவள் அவள்தான். பார்த்துவிட்டு வந்து, அதே கையால், ஒரு தட்டைக் குறைத்து வைத்தவளும் அவள்தான்.

குழம்புச் சட்டியை லெஸ்டர் முன்னால் டக்கென்று வைத்தாள்.

"ஆர்வில், எந்திரி."

"என்னது?"

"எந்திரிச்சு அவளுக்கு எடம் குடு."

மேசையில் யாரோ இருமினார்கள்.

"எங்க வீட்டுக்கு ரெண்டு ஆளு, மிஸ்டர் காஸ். பெஞ்சுல எடம் ஒண்ணுதான் இருக்கு. வந்தவங்கள எந்திரிக்கச் சொல்ல முடியாது. அதனால வீட்டுக்காரர் அடுத்த பந்தியில சாப்பிடுவாரு. அவரு ஆளுதான்னு இங்க எல்லாருக்கும் தெரியும். யாரு ஆளுன்னு இன்னும் தெரியலயோ, அவ உக்காரட்டும்."

"லவீனா," என்றான் ஆர்வில் மெல்ல, "எல்லாரும் இருக்காங்க."

"இருக்காங்க. அதான் சொல்றேன். எந்திரி. குழம்பு ஆறுது."

ஆர்வில் மேசையைப் பார்த்தான். கூடப் படித்தவர்கள், கூடக் கதிரடித்தவர்கள், தலைமுறையாகப் பக்கத்து வயல்காரர்கள். ஒருவன்கூட அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அப்புறம் அவன் சுவரோரம் நின்ற மகளின் கையைப் பார்த்தான். தொப்பியின் விளிம்பில் அவள் உள்ளங்கை பட்ட இடமெல்லாம் நனைந்து சிவப்பாக இருந்தது. பெஞ்சைத் தாண்டிக் காலை எடுத்தான். கத்தியையும் முள்கரண்டியையும் நேராக்கி வைத்துவிட்டு விலகி நின்றான்.

"உக்காரு," என்றான்.

வெர்னா உட்கார்ந்தாள்.

காஸ் தாடியைத் தடவினார். இந்த மாதிரி ஒன்று அவர் தலைமையில் நடந்ததில்லை, என்ன செய்வது என்று விதி ஒன்றும் அவருக்கு இல்லை. மேசையில் உட்கார்ந்தவன் ஆள் என்ற ஒரே விதிதான் இருந்தது. கண்ணை மூடி ஜெபம் சொன்னார். ஆமென் சொல்லிவிட்டு, கோபமாகவே, "லெஸ்டர், அந்தக் கோழிய நீயே கட்டிக்கிட்டு அழாத. அந்தப் பக்கம் தள்ளு," என்றார். பிறகு வழக்கம்போலச் சுற்றிப் பார்த்து வேலை பிரித்தார். யோடருக்கு மூட்டை. பெர்டுக்கு வைக்கோல். "வெர்னா, கெழக்கு ஓரம். அந்தச் சரிவுல வண்டிய நேரா ஏத்தாத, சுத்தி வா."

"சரி, மிஸ்டர் காஸ்."

"பெர்ட், உன் வயலு நாளைக்கு."

பெர்ட் ரொட்டியைக் கடித்துக்கொண்டே தலையாட்டினான்.

*

பெண் நன்றாகச் சாப்பிட்டாள். லவீனா பாத்திரங்களோடு போய்வரும்போதெல்லாம் பார்த்தாள். கோழித் தொடை, உருளைக்கிழங்கு, மறுபடி உருளைக்கிழங்கு. பை வந்தபோது வெர்னா பெரிய துண்டாக எடுத்தாள். அது முடிந்ததும் இன்னொன்று எடுத்தாள். கதவருகே பீச் கிளையோடு நின்ற தங்கை பக்கம் அவள் திரும்பவே இல்லை. போன வருஷம் வரை அவளும் அந்தக் கதவருகேதான் நின்றாள். லவீனாவுக்குச் சுருக்கென்றது. திட்டலாமா என்று வந்தது. இங்கே உட்கார்ந்த எவன் திரும்பிப் பார்த்தான், அவள் மட்டும் பார்ப்பதற்கு?

ஆட்கள் எழுந்து போனார்கள். வெர்னா தொப்பியை மாட்டிக்கொண்டு, "அம்மா, தண்ணிக் கொடம் காலி. யாரையாவது அனுப்பு," என்று அப்பன் குரலில் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். லவீனா அவளைக் கையைப் பிடித்து நிறுத்தி, உள்ளங்கையில் கொழுப்பைத் தடவி, துணியை இறுக்கிச் சுற்றி முடிந்தாள்.

அடுப்படி மேசையில் இரண்டாவது பந்தி: ஆர்வில், க்ளைட், ஓப்பல். முன்னாலிருந்த பாத்திரத்தில் கோழிக் கழுத்துகளும் இறக்கை நுனிகளும் கிடந்தன. குழம்பு ஆறி ஆடை கட்டியிருந்தது. ஆர்வில் கரண்டியால் அதைக் கிளறிப் பார்த்தான்.

"பை இல்லையா?"

"தீந்து போச்சுப்பா," என்றாள் ஓப்பல்.

"ஒரு துண்டுகூடவா?"

"எப்பவும் தீந்துரும். அம்மா இருக்கும்னுதான் சொல்லுவா." அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் தெரியவில்லை. கழுத்து எலும்பைச் சுறுசுறுப்பாக உறிஞ்சிக்கொண்டிருந்தாள். "இத இப்படிக் கடிச்சா உள்ள கொஞ்சம் கறி இருக்கும்பா. பாரு."

ஆர்வில் அவள் காட்டிய மாதிரிக் கடித்துப் பார்த்தான். கொஞ்சம் இருந்தது.

"உங்கம்மா எப்ப சாப்பிடுவா?"

"அம்மா சாப்பிட மாட்டா," என்றான் க்ளைட். "பாத்திரம் கழுவறப்ப நின்னுக்கிட்டே சட்டியச் சொரண்டித் திம்பா."

"தெனமுமா?"

"கதிரடிக்கு."

தொட்டி நிறையப் பாத்திரத்தோடு நின்ற லவீனா இதையெல்லாம் கேட்டாள். இத்தனை வருஷம் இதே வீட்டில் இருந்துகொண்டு, இன்றைக்குத்தான் ஊரிலிருந்து வந்தவன் மாதிரி கேட்கிறானே என்று பற்றிக்கொண்டு வந்தது. அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டது. ஓடப் பார்க்கிறான் என்று நினைத்தாள். அவன் மூலையிலிருந்த பால் கறக்கும் முக்காலியைக் காலால் இழுத்து, மேசையோரம் தன் பக்கத்தில் போட்டான். அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்து அதன் முன்னால் வைத்தான். வாய்விட்டுச் சொல்ல வராது அவனுக்கு.

"லவீனா, தண்ணி ஆறுது. பாத்திரம் அப்படியே கெடக்கு," என்றாள் ட்ரெசி.

"கெடக்கட்டும்," என்றாள் லவீனா.

ஈரக்கையை இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் துடைத்துக்கொண்டு வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக உட்கார்ந்ததில் முட்டி இரண்டும் வலித்தது. வெளியே எந்திரம் ஊதியது. கிழக்கு ஓரத்திலிருந்து வெர்னா குதிரையை அதட்டும் சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது.

"அந்தக் கோழிக் கழுத்த இப்படித் தள்ளு," என்றாள் லவீனா.